பத்திரம் முடிக்கும் முன்: பழைய வீடு வாங்குவோருக்கான சட்டமும் கணக்கும்

[திரையில்: சார்பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள்]

வணக்கம். தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கான வீடியோ இது. புதிய அடுக்குமாடி வீட்டைப் பற்றி நடுவில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பத்திரம் பதிவாகி, அரசு முத்திரையும் விழுந்துவிட்டால் வீடு நம்முடையது என்றுதான் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பல குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியிருக்கிறது. ஆவணம் எழுதிக்கொடுக்கப்பட்டது என்பதைத்தான் சார்பதிவாளர் பதிவு செய்கிறார். விற்பவர் உண்மையான உரிமையாளரா என்று விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. தமிழ்நாட்டின் பதிவு விதி 55-ஏ பற்றிய வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. விற்பவரிடம் இல்லாத உரிமை எத்தனை முத்திரை விழுந்தாலும் உங்களுக்கு வந்து சேராது.

அப்படியானால் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில்தான். அதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு குறை தெரிந்தால், அதைச் சிறியதாக எண்ணவே மனம் விரும்பும்.

[திரையில்: வில்லங்கச் சான்றிதழின் ஒரு பக்கம், ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாகிறது]

முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்றிதழ். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதலான பதிவுகள் பெரும்பாலும் கிடைக்கின்றன. குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுங்கள். இந்தப் பக்கத்தைக் கவனியுங்கள். ஆவண எண், ஆண்டு, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்று கட்டங்கள் ஓடுகின்றன. அவற்றில் பலர் தாண்டிப்போகும் கட்டம் 'முந்தைய ஆவண எண்'. இன்றைய பத்திரத்திலிருந்து அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போனால் தாய்ப்பத்திரம் எனப்படும் மூலப் பத்திரம் வரை போய்ச் சேரலாம். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், ஓரிடத்தில் வாங்கியவர் பெயரும் அடுத்து விற்றவர் பெயரும் பொருந்தாமல் போனாலும், அங்கே நின்றுவிடுங்கள். அதற்கு விளக்கம் கிடைக்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

அடுத்து, அடமானப் பதிவுகள். 2009-ல் வங்கியிடம் ஆவணத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே எங்காவது அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் "கடனை எப்போதோ கட்டிவிட்டோம்" என்ற வாய்மொழி போதாது.

வில்லங்கம் சுத்தமாக வந்தாலும் வேலை முடிவதில்லை. உயில் அதில் தெரியாது. பதிவாகாத பாகப்பிரிவினை, பெரும்பாலான நீதிமன்ற வழக்குகள், வீட்டு வரி பாக்கி, உள்ளே குடியிருக்கும் வாடகைதாரர் ஆகியவையும் தெரியாது. இன்னொன்று மிக முக்கியம்: தவறான சர்வே எண்ணுக்குப் போட்டால் எந்தப் பதிவும் இல்லாத வில்லங்கச் சான்றிதழ்தான் வரும். நிலம் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள்.

[திரையில்: ஒரு குடும்ப மரம். தந்தை, தாய், இரு மகன்கள், ஒரு மகள்]

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். நம் ஊரில் வீட்டு வழக்குகள் அதிகம் முளைப்பது இங்கேதான். அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மகன்கள் இருவரும் விற்க வருகிறார்கள். "தங்கைக்கு 60 பவுன் போட்டுக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டோம், அவளுக்கு இதில் பங்கில்லை" என்கிறார்கள். சீர் செய்ததால் பங்கு போய்விடாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. பரம்பரைச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அன்று மணமாகியிருந்த மகள்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுவதற்குமான 2005 திருத்தம் அந்தப் பாகுபாட்டை வைக்கவில்லை. அந்தத் திருத்தத்தின் பலனைப் பெற, அது வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்தாரா என்றும் கேளுங்கள். இதைப் பலரும் கேட்பதில்லை. தாயும் முதல்நிலை வாரிசுதான். பின்னர் அவரும் உயில் இல்லாமல் காலமாகியிருந்தால், அவருடைய பங்கில் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் உரிமை பிறந்திருக்கும். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால் அவருடைய பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் வேறு. அதற்கேற்ற ஆலோசனையைப் பெறுங்கள்.

பட்டா விற்பவர் பெயரில் இருப்பது நல்லது. ஆனால் பட்டா வருவாய்த்துறையின் பதிவு, அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. பட்டாவிலும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்திலும் உள்ள பரப்பளவைப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, நில அளவரை வைத்து இடத்தை அளந்து பாருங்கள். பத்திரத்தில் 2,400 சதுர அடி இருந்து தரையில் 2,250 சதுர அடிதான் இருந்தால், குறையும் 150 சதுர அடிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கப்போகிறீர்கள். நிலம் புறம்போக்கு, கோயில், வக்ஃப் அல்லது பஞ்சமி நிலமாக (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலம்) இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

உரிமையாளர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், அதாவது பவர் வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரை நேரில் பார்த்துப் பேசுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும்.

அடுக்குமாடி வீடு என்றால், கட்டட அனுமதி தரும் அரசு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. ஒப்புதல் பெற்ற வரைபடம், பணி நிறைவுச் சான்றிதழ், பிரிக்கப்படாத நிலப் பங்கின் அளவு மூன்றையும் பாருங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் கட்டுமானமாக இருந்தால், ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க கட்டுமான நிறுவனத்துக்கு உரிமை இல்லை.

"வங்கி வக்கீல் பார்த்துவிட்டார், போதும்" என்று சொல்வார்கள். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்கான பாதுகாப்பை. உங்களுக்காகத் தனியே ஒரு சிவில் வழக்கறிஞரிடம் சட்டக் கருத்துரை வாங்குங்கள். அந்தக் கட்டணத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

[திரையில்: 50,00,000 என்ற எண், அதன் கீழே செலவுகள் ஒவ்வொன்றாக]

இனி பணம். 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4.5 லட்சம். கிரையத் தொகை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்கு இது கணக்கிடப்படும். இந்தச் செலவு கடனுக்கான வீட்டு மதிப்பில் சேராது. வங்கிக்கு ஆவணம் ஒப்படைக்கும் பதிவு, வக்கீல், பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேர்த்தால், சுவருக்கு வண்ணம் பூசும் முன்பே உங்களிடம் ஏறக்குறைய 15 லட்சம் இருக்க வேண்டும். 10 லட்சத்தை மட்டும் சேர்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தவர்கள்தான் கடைசி நேரத்தில் நகையை அடகு வைத்து அலைகிறார்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது உங்கள் கடமை. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பத்திரத்தில் குறைந்த தொகையைக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுத்துவிடுங்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்கு இணையான அபராதம் உண்டு. நாளை பேரம் முறிந்தால், ரொக்கமாகக் கொடுத்ததை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. பின்னாளில் நீங்கள் விற்கும்போதும் வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் வரி கூடும்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். கிரையம் முடிக்கும் தேதி, கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பது, வீட்டைக் காலி செய்யும் நாள் எல்லாம் அதில் இருக்கட்டும்.

மாதத் தவணைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. தவணை சுமார் 34,713 ரூபாய். முதல் மாதத் தவணையில் 28,333 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 6,380 ரூபாய்தான். 20 ஆண்டில் கட்டும் வட்டி மட்டும் 43 லட்சத்துக்கு மேல். இதையே 15 ஆண்டாக வைத்தால் தவணை சுமார் 4,700 ரூபாய் கூடும், வட்டியில் 12 லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். தாங்க முடிந்தவர்கள் 15 ஆண்டையே எடுங்கள். முடியாதவர்கள் 20 ஆண்டு எடுத்து, போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது.

[திரையில்: வங்கிக் கவுன்டரில் திருப்பித் தரப்படும் ஆவணக் கட்டு]

கிரையம் முடிந்ததும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு நான்கிலும் பெயரை மாற்றிவிடுங்கள். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவு. ஆவணங்கள் கைக்கு வந்த கையோடு, கடன் தீர்ந்த ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.