கார் நாற்றத்துக்கு சென்ட் மருந்தல்ல

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரியில் கார் ஏசி வேலை பார்க்கிறவன் நான். "வண்டிக்குள்ள ஒரே வாடைங்க, நல்ல சென்ட்டா ஒண்ணு வைங்க" என்று கேட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். தயவுசெய்து முதலில் சென்ட் வாங்காதீர்கள். நாற்றத்தோடு மல்லிகையும் சேர்ந்தால் தலைவலிதான் மிச்சம். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நம்ம பக்கம் மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து டிக்கியில் கூடை கூடையாக ஏற்றி வருவோம், அதில் ஒரு பழம் உருண்டு ஸ்டெப்னி குழிக்குள் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? அதனால் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுங்கள். ஒகேனக்கல்லில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஏறி உட்கார்ந்து வருவோமே, அந்த ஈரமும் சீட் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். கதவெல்லாம் திறந்து வைத்து நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

பால் கொட்டினால் உடனே துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வெந்நீரும் வேண்டாம், சூட்டில் பாலின் புரதம் திரண்டு நாரில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் வேக்குவம் போட்டு எடுத்துவிடுங்கள்.

ஏசி போட்டதும் புளித்த ஈரத்துணி வாடை அடிக்கிறதா? அது வேறு கதை. உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும், அது ஒரு சின்ன டியூப் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில் வெகுநேரம் ஏசி ஓடியும் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால் டியூப் அடைத்திருக்கலாம். முன்பக்கம் இடதுபுறம் காலடியில் கிடக்கும் ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட்டுக் கார்ப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அடைப்பு இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் கசியும். டியூபைச் சுத்தம் செய்யாமல் மேலே என்ன தெளித்தாலும் வீண். அப்புறம் கேபின் ஃபில்டர், அதாவது வண்டிக்குள் வருகிற காற்றை வடிகட்டுவது. பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், உருவினால் புளிய இலையும் தூசியும் எலிப் புழுக்கையுமாகக் கொட்டும். அதை மாற்றுவது பெரிய செலவே இல்லை, ஆனாலும் சர்வீஸ் விடும்போது கேட்டு வாங்க மறந்துவிடுகிறோம். வீடு வந்துசேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், அந்தக் கூலிங் காயிலில் உள்ள ஈரம் காய்ந்துவிடும், பூஞ்சை குறையும்.

பெட்ரோல் வாடையோ புகை வாடையோ உள்ளே வந்தால் மட்டும் இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். புகையோடு வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மயக்கம் வரும்வரை தெரியாது, உயிரையே எடுத்துவிடும். கண்ணாடியை இறக்கி, வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள், எல்லோரும் இறங்கி நின்றுகொண்டு மெக்கானிக்குக்கு போன் போடுங்கள்.