விருந்து நாட்களில் சீனிக் குளிசையைக் கூட்டிப் போடலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"டொக்டர், அம்மாவுக்கு 62 வயது. பத்து வருசமாகச் சீனி வருத்தம். காலையும் இரவும் மெட்ஃபோமின், காலையில் கிளிக்லசைட்டும் போடுறா. அண்ணா குடும்பம் கனடாவில் இருந்து நத்தாருக்கு முதலே வருகினம், தைப்பொங்கல் முடியத்தான் திரும்புவினம். திருவெம்பாவைக்கு அம்மா விடிய எழும்பிக் கோயிலுக்குப் போவா. வீட்டில் ஒரே விருந்துதான். கேக், பொங்கல் சாப்பிடும் நாட்களில் ஒரு குளிசை கூட்டிப் போட்டால் சரிவருமா?"

சரிவராது, தங்கச்சி. மெட்ஃபோமின் இன்று சாப்பிட்ட கேக்கைத் தேடிப் போய் அடிக்கிற மருந்து இல்லை. ஈரலில் இருந்து இரத்தத்துக்கு வரும் சீனியைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை, அதுவும் நாட்கணக்கில் மெல்ல நடப்பது. ஒன்று கூடப் போட்டால் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். கிளிக்லசைட் வேறு சாதி. அது கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஆள் சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டு நிற்காது.

நீங்கள் கேக்கைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்குப் பயம் திருவெம்பாவையில்தான்.

அம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி முழுகுவார். குளிசையை வழக்கம்போல வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, "வந்து சாப்பிடுவம்" என்று புறப்பட்டுவிடுவார். பூசை முடிய ஏழு மணியாகும். கோணேசர் கோயில் என்றால் கோட்டை வாசலில் இருந்து அந்த ஏற்றத்தையும் ஏற வேண்டும். வெறுவயிறு, நடை, உள்ளே கிளிக்லசைட். சீனி இறங்குவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். சிலருக்கு வாய் குழறும், காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். கோயிலில் இப்படி ஆனபோது சாமி வந்துவிட்டது என்று திருநீறு பூசிக்கொண்டு நின்ற கதையும் நான் கேட்டிருக்கிறேன்.

மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் அது இறங்கின சீனி. மீட்டர் கையில் இல்லாவிட்டால் அறிகுறியை நம்புங்கள். அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு பிஸ்கட்டோ பாணோ சாப்பிட வேண்டும். டயட் சோடா இதற்கு உதவாது. சொக்லேட்டும் அவசரத்துக்குச் சரியில்லை, கொழுப்பு இருப்பதால் சீனி ஏறச் சுணங்கும். மயங்கியவரின் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரைக்கேறிவிடும். 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

அப்போ கோயில் நாட்களில் என்ன செய்வது? கிளிக்லசைட் சாப்பாட்டோடு போகிற குளிசை. கோயிலால் வந்து, இடியப்பத்துக்கு முன்னால் உட்காரும்போது போட்டால் போதும். மடியிலோ பையிலோ சீனிப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். பிள்ளையார் கதைக்கு 21 நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள், இவர்கள் விரதம் தொடங்க முதலே கிளினிக்கில் கேட்க வேண்டும். அளவை மாற்ற வேண்டியிருக்கும், அதை வீட்டில் தீர்மானிக்க முடியாது.

இனிப் பொங்கல். "சீனி போடவில்லை டொக்டர், சர்க்கரைதான் போட்டது" என்று ஒவ்வொரு தையிலும் யாராவது சொல்வார்கள். சர்க்கரை, பனங்கட்டி, தேன், எதுவானாலும் இரத்தத்தில் ஏறுவது ஏறத்தான் செய்யும். நிறம்தான் வேறு. அதற்காகப் பொங்கல் அன்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு அகப்பை சாப்பிடட்டும். வெறுவயிற்றில் இல்லாமல், அவித்த கடலை ஒரு கைப்பிடி சாப்பிட்ட பிறகு. பொங்கலும் சோறுதான் என்பதை நினைவில் வைத்து, மத்தியானம் சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டுங்கள்.

கேக்கும் அப்படித்தான். ரவை, கஜு, பிளம்ஸ், பூசணித் தோசி, முட்டை மஞ்சட்கரு என்று எல்லாம் போட்டு இறுக்கமாகச் செய்வது, விரல் நீளத் துண்டு ஒன்று போதும். உண்மையில் ஆளை விழுத்துவது அந்தத் துண்டு இல்லை, ஐந்து வீட்டுக்குப் போய்க் குடிக்கிற ஐந்து தேத்தண்ணீர்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எனக்குச் சீனி போடாதேங்கோ" என்று சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு சொன்னால் கலக்கி முடிந்திருக்கும். கிண்ணியாத் தயிர் வந்தால், தயிரில் குற்றமில்லை, மேலே ஊற்றும் பாணியைக் குறையுங்கள்.

இந்த மாதங்களில் நமக்கு மாரி மழை வேறு. கடற்கரை நடை நின்றுவிடும். சாப்பிட்டு முடிய விறாந்தையில் 15 நிமிடம் நடந்தாலும் சீனி ஏறுவது குறையும். வெள்ளத்துக்குள் காலை வைத்து வந்தால் கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் வெட்டுப்பட்டாலும் தெரியாது.

பொதுவாகச் சாப்பிட முதல் 80க்கும் 130க்கும் இடையில், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 180க்குக் கீழே என்று பார்ப்போம். அம்மாவுக்குக் கிளினிக்கில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. பொங்கல் அன்று ஒரு தடவை 220 காட்டினால் பதறாதீர்கள். ஆனால் வயிற்றோட்டம், சத்தி வந்து ஒன்றும் தங்காவிட்டாலோ, 300க்கு மேல் நின்று இறங்காவிட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இன்றைக்கே கிளினிக் கொப்பியைத் திறந்து அடுத்த திகதியைப் பாருங்கள். நத்தார், போயா, தைப்பொங்கல் எல்லாம் விடுமுறை. திகதி அதில் விழுந்தால் குளிசை இடையில் முடிந்துவிடும். அப்புறம், அண்ணா கனடாவில் இருந்து "நல்ல மருந்து" என்று எதையாவது கொண்டுவந்தால், போட முதல் பெட்டியை எங்களிடம் காட்டுங்கள். டயமைக்ரோன் என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது அம்மா ஏற்கனவே போடுகிற அதே கிளிக்லசைட்தான்.