எண்பது மூடைகளும் ஒரு நிறுவலும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கணினிச் செய்நிரல் ஒன்றைப் பலமுறை இயக்கிப் பார்த்துப் பிழை தென்படவில்லை என்று சொல்வது வேறு; அதில் பிழை இருக்க முடியாது என்று கணித முறைப்படி நிறுவிக் காட்டுவது வேறு. இரண்டாவது வேலையை முறைசார் சரிபார்ப்பு என்கிறோம். அதற்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான ரொனி ஹோர், 1934ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவர்.

ஒக்ஸ்போர்ட்டில் அவர் படித்தது கணிதம் அன்று. கிரேக்கமும் இலத்தீனும் மெய்யியலும். பின்னர் கடற்படைச் சேவையில் ரஷ்ய மொழி கற்று, மொஸ்கோவில் சிறிது காலம் பயின்று, 1960இல் கணினி நிறுவனமொன்றில் சேர்ந்து, 1968இல் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். செய்நிரல்களை நிறுவும் விதிகளைக் கூறும் அவருடைய கட்டுரை அடுத்த ஆண்டே வெளியாயிற்று. உயர்தரத்தில் கணிதம் படிக்காததால் இத்துறை கைக்கெட்டாது என்று மனம் தளர்ந்து வரும் நம் மட்டக்களப்பு மாவட்டத்துக் கலைப்பிரிவு மாணவர்களிடம் இந்த வாழ்க்கையைத்தான் நான் முதலில் எடுத்துச் சொல்வேன்.

அக்கட்டுரையின் கருத்தை நம் வயற்களத்தில் வைத்தே விளக்கலாம். உன்னிச்சைப் பக்கத்துக் களமொன்றில் 80 நெல்மூடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக லொறியில் ஏற்றுகிறார்கள். ஒரு மூடை ஏறும்போது லொறியில் ஒன்று கூடுகிறது, களத்தில் ஒன்று குறைகிறது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 80தான். ஆகவே களம் வெறுமையாகும் வேளையில் லொறியில் 80 மூடைகள் இருந்தே ஆகவேண்டும். மேலே ஏறி நின்று எண்ணத் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மாறாது நிற்கும் இத்தகைய கூற்றைக் கண்டுபிடிப்பதே இத்தொழிலின் உயிர். எண்பதை எட்டுக் கோடியாக்கினாலும் நிறுவல் ஒரு வரிகூட நீளாது.

பக்கத்து வட்டைக்காரர் இடையில் ஒரு மூடையைக் கொண்டுவந்து களத்தில் போட்டுவிட்டால் என்னாகும்? நிறுவலில் தவறில்லை, வெளியிலிருந்து எதுவும் சேராது என்ற முன்நிபந்தனை முறிந்துவிட்டது. 1996 ஜூன் 4ஆம் திகதி ஏரியன் 5 ரொக்கெட்டுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. ஏரியன் 4இலிருந்து எடுத்த செய்நிரற் பகுதியொன்று, கிடைவேகம் தொடர்பான எண் 16 பிற்றுகளுக்குள், அதாவது பதினாறு இரும இலக்கங்களுக்குள், அடங்கும் என்று நம்பியிருந்தது. புதிய ரொக்கெட்டின் வேகத்தில் அது அடங்கவில்லை. புறப்பட்டு 40 விநாடிகளுக்குள் ரொக்கெட் வெடித்துச் சிதறியது. அதனால்தான் நிறுவலைத் தொடங்குமுன் நிபந்தனைகளைத் துருவித் துருவிக் கேட்குமாறு மாணவர்களை வற்புறுத்துகிறேன்.

இது பொறுமையைக் கேட்கும் உழைப்பு. 2009இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணினி இயங்குதளத்தின் மையப்பகுதியான கரு ஒன்றின் ஏறத்தாழ 8,700 செய்நிரல் வரிகளைச் சரியென நிறுவ, சுமார் 2,00,000 நிறுவல் வரிகள் எழுத வேண்டியிருந்தது. நிறுவலின் ஒவ்வொரு படியையும் சரிபார்க்க அவர்கள் பயன்படுத்திய ஐசபெல் என்ற மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். வீட்டிலுள்ள மடிக்கணினியே தொடங்குவதற்குப் போதும். முதற் பயிற்சியாக அந்த 80 மூடைகளையே எழுதிப் பாருங்கள். மாறாத கூற்றை நீங்கள் எடுத்துச் சொல்லும் வரை நிறுவல் நகராது.

வணக்கம்.