வியாழக்கிழமை நாலரை மணிக்கு வர்ற போன்

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து பேசுறேன், கூரை மேல தடதடன்னு சத்தம் கேட்டா பயப்படாதீங்க, குரங்குங்கதான், ஜன்னல தொறந்து வச்சா வாழைப்பழம் காலி.

சரி விஷயத்துக்கு வர்றேன். நான் டிசைன் வேலை பண்றவன், அர்ஜென்ட்னு வர்ற வேலைக்கு எவ்வளவு கேக்கலாம்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க. ஈஸ்டர் டைம்ல இங்க மாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும், கூட்டம் அள்ளும். குட் ஃப்ரைடேக்கு முந்தின நாள், வியாழக்கிழமை நாலரை மணிக்கு சாப்பாட்டு ஸ்டால் போடுற அங்கிள் ஒருத்தர் போன் பண்ணி, தம்பி, பேனர் ஒண்ணு வேணும், நாளைக்கு காலைல மாட்டணும்னாரு. நானும் வாய் தவறி சரிங்க அங்கிள்னுட்டேன், ரேட்டே பேசல. லோகோ ஜஸ்ட் நவ் அனுப்புறேன்னாரு, இந்த ஊர்ல ஜஸ்ட் நவ்னா இப்பவேன்னு அர்த்தம் கிடையாது, எப்பவாச்சும்னு அர்த்தம். ராத்திரி பத்து மணிக்கு வந்துச்சு, என்னன்னு பாத்தா அவரோட வேன் கதவ சாய்வா எடுத்த போட்டோ.

எப்பவும் வாங்குற 1800 ராண்ட்தான் (ராண்ட் இந்த நாட்டு காசு) வாங்கினேன். ஆனா அன்னிக்கு ராத்திரி முடிக்க வேண்டிய வேற ஒருத்தரோட மெனு கார்டு தள்ளிப்போச்சு, அவங்க அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல. அதனால அர்ஜென்ட் ரேட்டுன்னா எத்தன மணி நேரம் ஆகும்னு மட்டும் பாக்காதீங்க, எந்த வேலைய ஓரங்கட்டிட்டு இத செய்யுறோம், அதுல என்ன போகும், அத பாருங்க.

எவ்வளவுன்னு கேட்டா, தென்னாப்பிரிக்கால 1997ல வந்த வேலை நிபந்தனைகள் சட்டம் இருக்கு, ஓவர்டைம்னா குறைஞ்சது ஒன்றரை மடங்கு, வழக்கமா ஞாயித்துக்கிழமை வேலை பாக்காதவங்கள அன்னிக்கு கூப்பிட்டா ரெண்டு மடங்கு, பொது விடுமுறைக்கும் ரெண்டு மடங்கு. அது சம்பளத்துக்கு இருக்கவங்களுக்கு, அதுலயும் ஒரு வரம்புக்கு மேல சம்பளம்னா ஓவர்டைம், ஞாயித்துக்கிழமை கணக்கு பொருந்தாது, என்ன மாதிரி தனியா வேலை எடுத்து செய்யுற ஃப்ரீலான்சருக்கு சுத்தமா கிடையாது. ஆனா கடை வச்சிருக்கவங்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி, தன் ஆளுங்களுக்கு அப்படித்தான குடுக்குறாங்க! அதனால நான் அதையே புடிச்சுக்கிட்டேன், வேலை நாள்ல அவசரம்னா 2700, லீவு நாள்னா 3600, பாதி முன்பணம்.

பில்லுல 1800 தனி லைன், அவசரத்துக்கு 900 தனி லைன். ரெண்டையும் சேத்து ஒரே தொகையா போட்டா அடுத்த தடவ ஆற அமர வரும்போதும் இவன் 2700 கேக்குறவன்னு நெனச்சுட்டு வேற ஆள பாத்துருவாங்க.

இன்னொண்ணு, நேரம் எப்ப ஓட ஆரம்பிக்கும்னு மொதல்லயே எழுதி அனுப்பிருங்க, லோகோவும் எழுத வேண்டிய விவரமும் கைக்கு வந்ததுல இருந்துதான், போன் வந்ததுல இருந்து இல்ல. காசு இல்லன்னு சொல்றவங்ககிட்ட ரேட்ட கொறைக்காதீங்க, வேலைய கொறைங்க, படம் கிடையாது, வெறும் எழுத்து பேனர், ஒரே ஒரு திருத்தம்னு.

அந்த அங்கிள் இந்த வருஷமும் வியாழக்கிழமைதான் கூப்பிட்டாரு. ரேட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம், சரி தம்பி, போன வருஷ பேனரையே தொடச்சு மாட்டிக்கிறேன்னுட்டாரு.