அடம்பன் கொடியைப் பிடுங்காதீர்கள்

(திருகோணமலையில் சனசமூக நிலையம் ஒன்றில், கரையோரத் துப்புரவுப் பணிக்கு முன்னர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, இந்தப் பணிக்குப் பெயர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

இன்று காலை பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு நடந்து போனேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வேனை மர நிழலில் நிறுத்திவிட்டு மான்களுக்குப் பாண் கொடுத்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளை கையை நீட்ட, ஒரு பெண்மான் மோந்து பார்த்துப் பாணை வாங்கியது. அடுத்த வாய்க்கு, பாண் இருந்த பையையே பற்றி இழுத்தது. தாய் சிரித்தபடி பையை விட்டுவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அதற்குள் ஒரு மூலை மானின் வாய்க்குள் போய்விட்டது.

அந்தத் தாயிடம் கடுகளவும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். நம் ஊரின் உயிர்களுக்கு வேட்டைக்காரன் செய்யும் கேட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவற்றின்மேல் ஆசைகொண்டவர்கள் அறியாமல் செய்யும் கேட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

புள்ளிமான் அசைபோடும் பிராணி. மாட்டுக்கு இருப்பதுபோல அதன் இரைப்பைக்கும் நான்கு அறைகள். பொலித்தீன் முதல் அறையிலேயே தங்கிவிடும். செரிக்கவும் செரிக்காது, வெளியேறவும் வெளியேறாது. கயிறும் நூலும் அதோடு சேர்ந்து சுற்றிப் பந்தாகத் திரளும். வயிறு நிறைந்திருக்கிறது என்று மான் மேய்ச்சலை விட்டுவிடும். உடம்போ பட்டினியில் வற்றும். பாணும் பணிசும்கூட அளவு மிஞ்சினால் ஆபத்துத்தான்: மாப்பண்டம் உள்ளே புளித்து, புல்லைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களையே அழித்துவிடும். புல் மேய வேண்டிய பிராணி நடுத்தெருவில் குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டு நிற்பது நம் கண்ணுக்குப் பழகிப் போய்விட்டது. எனக்கு அந்தப் பழக்கம்தான் பெரிய வேதனை.

சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட் 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நாம் சோற்றுப் பார்சல் வாங்கும்போது, வாழையிலையிலோ தாமரையிலையிலோ கட்டித் தாருங்கள் என்று கடைக்காரரிடம் வாய்திறந்து கேட்கலாமே. தெருவில் விழுந்து மான் அதைத் தின்றாலும் பாதகமில்லை, இலைதானே.

இனி நமது கடற்கரை வேலைக்கு வருகிறேன். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை இந்த மண்டபத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறீர்கள். பார்த்து மனம் குளிர்ந்தது. ஆனால் அடம்பன் கொடியை நேரில் காட்டினால் நம்மில் எத்தனை பேர் அடையாளம் காண்போம்?

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு துப்புரவுப் பணியில் நானும் நின்றேன். போத்தல், வலைத்துண்டு, செருப்பு என்று பொறுக்கி முடித்த பிள்ளைகள், உற்சாகம் அடங்காமல், மணலில் படர்ந்திருந்த கொடிகளையும் "களை" என்று எண்ணி வேரோடு இழுத்துக் குவித்துவிட்டார்கள். ஆட்டின் குளம்பைப்போல நுனி பிளந்த இலை, ஊதாப் பூ. அடம்பன்தான். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் கொடி அது. கரை பளிச்சென்று இருந்தது, நாங்கள் கைதட்டினோம். அந்த மாரியில் கடல் பெருகியபோது, கொடி இருந்த மேட்டை அலை முழங்காலளவுக்கு அரித்துக்கொண்டு போனது. அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவிலும் இதே கதைதான். 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் மற்றக் கரைகளில் முருகைகள், அதாவது பவளப்பாறைகள், வெளிறி மடிந்தபோது, நமது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதன்மேல், அழகு பார்க்க வந்தவர்கள் களைத்துப் போனதும் ஏறி நிற்கிறார்கள். கல் என்று நினைக்கிறார்கள். அது உயிருள்ள கூட்டம். பாறைபோல் திரண்ட முருகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். ஒரு மனிதனின் பாதம் ஒரு நொடியில் உடைப்பது நமது பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஆறாது.

இங்கே வள்ளக்காரத் தம்பிமார் சிலர் இருக்கிறீர்கள். ஆட்களை இறக்குமுன், "முருகையில் கால் வைக்காதீர்கள், நீந்தத் தெரியாவிட்டால் மிதவையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்கு, எந்த அறிவிப்புப் பலகைக்கும் இல்லாத பலம் உண்டு. நங்கூரத்தையும் மணல் பார்த்து இறக்குங்கள். கடலடியின் எந்த மூலையில் மணல், எங்கே முருகை என்பது எந்த வரைபடத்தையும்விட உங்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரையில் கூடுவோம். பழைய அரிசிச் சாக்குகளைக் கொண்டுவாருங்கள். பொலித்தீன் பை வேண்டாம். மண்வெட்டியும் வேண்டாம். வேலை தொடங்குமுன் எல்லோரும் என்னோடு கரையோரமாக ஒரு நடை நடக்க வேண்டும். எதை எடுப்பது, எதை இருந்தபடி விடுவது என்று கொடி கொடியாகக் காட்டுகிறேன். அன்று அரிபட்ட மேட்டில் இப்போது ஓரிடத்தில் மூன்று முழ நீளத்துக்கு அடம்பன் மீண்டும் படர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி நான்கு கம்பு நட்டுவிட்டு வந்திருக்கிறேன். அங்கிருந்து தொடங்குவோம்.