மதகைத் திறப்பது யார்?

(மே தினத்தன்று மாலை தருமபுரியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பஸ்ஸில் ஒருவர் துண்டு போட்டு மூன்று சீட்டைப் பிடித்துக்கொண்டால் 'என்ன அராஜகம் இது' என்கிறோம். நம் வாயில் அந்தச் சொல்லுக்கு அடாவடி என்று பொருள். ராஜா இல்லாத நிலை என்பதுதான் அதன் மூலப்பொருள். அரசு இல்லாமலே மனிதர்கள் கூடி வாழ முடியும் என்று நம்பியவர்களின் கொள்கைக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டதால், பலர் கேட்பதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனவே நான் அரசின்மைவாதம் என்றே சொல்லப்போகிறேன்.

இன்று நாம் ஏற்றிய கொடியில் அவர்கள் ரத்தமும் இருக்கிறது. 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டத்தில் குண்டு வெடித்தது. வீசியது யாரென்று இன்றுவரை தெரியாது. அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்ட நான்கு பேரும் அரசின்மைவாதிகள். 1889இல் பாரிசில் கூடிய சோசலிஸ்டுகள்தான் மே முதல் தேதியை உலகத் தொழிலாளர்களின் போராட்ட நாளாக அறிவித்தார்கள். பல நாட்டு சோசலிஸ்டுகளின் அந்தக் கூட்டமைப்பான அகிலம் 1896இல் லண்டனில் அரசின்மைவாதிகளுக்குக் கதவைச் சாத்தியது.

என்ன சண்டை? உழைப்பவனைச் சுரண்டக் கூடாது என்பதில் இருவருக்கும் பேதமில்லை. அரசின்மைவாதிகளில் நிறையப் பேர் தங்களையும் சோசலிஸ்டு என்றே சொல்லிக்கொண்டவர்கள். தொழிலாளி வர்க்கம் அரசைத் தன் கையில் எடுக்க வேண்டும் என்றார் மார்க்ஸ். எடுத்த கை கீழே வைக்காது, நேற்றைய தொழிலாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆள்பவனாகிவிடுவான் என்றார் ரஷ்ய அரசின்மைவாதி பக்கூனின். இருவரும் இருந்த முதல் அகிலம் என்ற தொழிலாளர் அமைப்பிலிருந்து 1872இல் ஹேக் மாநாட்டில் பக்கூனினை வெளியேற்றினார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். என் சிறு வயதில் எங்கள் ஏரித் தண்ணீர் முறை வைத்துப் பாய்ந்தது. மதகு எப்போது திறக்க வேண்டும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஊரே கூடிப் பேசி முடிவு செய்யும். வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள். ஒரு அதிகாரியும் வந்து நின்றதில்லை. ரஷ்ய அரசின்மைவாதி குரோபோட்கின் 'பரஸ்பர உதவி' என்று எழுதியது இதைத்தான் என்று பிற்பாடு படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் காலனியிலிருந்து யாரும் உட்கார்ந்ததில்லை. தூர்வார அவர்கள் வேண்டும், முறையில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. சாதியும் ஓர் அதிகாரம்தான், அதையும் எதிர்க்கிறோம் என்று உண்மையான அரசின்மைவாதி சொல்வார். சொல்லட்டும். அதை உடைக்க இந்த மண்ணில் சட்டம் வேண்டியிருந்தது, சட்டத்துக்குப் பின்னால் அரசு வேண்டியிருந்தது.

அப்புறம், புளோரைடு. இந்த அரங்கில் எத்தனை பேருக்குப் பல்லில் அந்தப் பழுப்புக் கறை இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் அத்தை சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். பல் விளக்காததால் வந்தது என்று நினைத்திருந்தோம். காரணம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த புளோரைடு. எந்த ஊரும் தனியாக அதைத் தீர்த்திருக்க முடியாது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரியை எடுத்து, சுத்திகரித்து, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவர 2013 வரை ஆயிற்று. அதைச் செய்ய அரசால்தான் முடியும். இதனால்தான் நான் சோசலிசத்தின் பக்கம் நிற்கிறேன்.

நின்றாலும் பக்கூனினின் கேள்வி என்னை விடுவதில்லை. 1921 பிப்ரவரியில் மாஸ்கோவில் குரோபோட்கினின் இறுதி ஊர்வலம். சோவியத் சிறையில் இருந்த சில அரசின்மைவாதிகளை அதற்காக ஒரு நாள் வெளியே விட்டார்கள். வாக்குக் கொடுத்தபடி அவர்கள் சிறைக்குத் திரும்பினார்கள். அடுத்த மாதமே, சோவியத்துகள் எனப்பட்ட தொழிலாளர் மன்றங்களுக்குச் சுதந்திரமான தேர்தல் கேட்ட குரோன்ஸ்டாட் கடற்படை வீரர்களை அரசின் செஞ்சேனை சுட்டு அடக்கியது. தொழிலாளியின் அரசு, தொழிலாளியின் பிள்ளைகளைச் சுட்டது. இதை நம் பக்கத்துத் தோழர்கள் மழுப்பாமல் பேச வேண்டும். சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சாரியா 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அங்கே பார்த்ததைப் பார்த்துவிட்டு அரசின்மைவாதியானார். நம் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி இடம் கொடுக்கலாம்.

மே தினம் நமக்குக் கிராம சபை நாளும்கூட. இன்று காலை எங்கள் ஊரில் வழக்கம்போல நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். காலனியிலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்து, "எங்க தெருவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி விடணும்னு யார் முடிவு பண்ணாங்க?" என்று கேட்டார். மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா உட்காரவில்லை. கடைசியில், காலை ஆறு மணிக்கு விடுவதாகத் தீர்மான நோட்டில் எழுதினார்கள். அதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.