ஒரு நாள் கணக்கு: தவழ்ந்து எழுந்த பிள்ளைக்கு ஆகும் செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளை பிறந்த முதல் வருடத்துச் செலவுக்கு வீடு ஓரளவு தயாராகவே இருக்கும். பிரசவம், தொட்டில், மொட்டை, காதுகுத்து என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, தேதி உண்டு. தாய்மாமன் கையிலிருந்தும் ஒரு பங்கு வந்துவிடும். முதல் பிறந்தநாள் முடிந்த பிறகு வருகிற செலவுக்குத்தான் பெயரே கிடையாது. டயாப்பர் தீர்ந்துவிட்டது, சளி பிடித்திருக்கிறது, செருப்பு சின்னதாகிவிட்டது. எல்லாம் நூறு இருநூறாகவே போகும். மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால் ஐயாயிரம், ஆறாயிரம் கரைந்திருக்கும். எதில் போனது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

பாக்கெட்டின் விலையை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் டயாப்பர், டப்பா உணவு, மருந்து ஆகிய மூன்றில்தான் பணம் போகிறது. துணியும் பொம்மையும் கண்ணுக்குத் தெரிகிற செலவு என்பதால் சண்டை அவற்றைப் பற்றி நடக்கும். ஆனால் அவை அப்புறம்தான்.

முதலில் டயாப்பர். ஒன்று பத்து ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு ஐந்து மாற்றினால் 50 ரூபாய், மாதம் 1,500. ஒன்றரை வருடம் ஓடினால் 27,000 ரூபாய். வாங்கும்போது பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நினைக்க வேண்டாம். இப்போது எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒன்றின் விலை என்ன என்றும் அச்சிட வேண்டும் என்பது விதி. கடைக்குக் கடை, பாக்கெட்டுக்குப் பாக்கெட் அந்த எண்ணை ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயாப்பருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய இருப்பைப் பழைய விலைக்கே விற்கிறார்களா என்றும் ஒரு கண் வையுங்கள்.

அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. எம் அளவு பொதுவாக 7 முதல் 12 கிலோ வரை, எல் அளவு 9 முதல் 14 கிலோ வரை. நடுவில் இரண்டுமே பொருந்துகிற ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அங்கேதான் காசு வீணாகிறது. பத்தரைக் கிலோ பிள்ளைக்குத் தள்ளுபடியில் எழுபது எம் வாங்கி அடுக்கினால், பாதி தீர்வதற்குள் தொடையில் ரப்பர் பட்டையின் சிவந்த தடம் விழ ஆரம்பித்துவிடும். அந்தக் கட்டத்தில் சின்னப் பாக்கெட்டாகவே வாங்குங்கள்.

கசிந்தால் உடனே கம்பெனியை மாற்றுகிறோம். பல சமயம் தப்பு கம்பெனியிடம் இல்லை. தொடையைச் சுற்றி இருக்கும் சுருக்க மடிப்பு உள்பக்கம் மடங்கிக் கிடந்தால் கசியும். மாட்டிய பிறகு ஒரு விரலால் இரண்டு தொடையையும் சுற்றி அந்த மடிப்பை வெளியே எடுத்துவிடுங்கள். ஆண் குழந்தைக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் இடுப்புப் பக்கம் நனையும். இதற்காகவே விலை கூடிய வகைக்கு மாறியவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது துணி டயாப்பர். வீட்டில் இருக்கும்போது பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நாலாக மடித்த துணி போதும். அல்லது உறையும் உள்ளே வைக்கும் பட்டையும் தனித்தனியாக வரும் துணி டயாப்பர் வாங்கலாம். தினமும் துவைக்கிற வீட்டுக்கு ஆறு உறை, பன்னிரண்டு பட்டை தாராளம்; இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடியும். இரவுக்கு ஒன்று, வெளியே போகும்போது ஒன்று என்று கடை டயாப்பரை இரண்டோடு நிறுத்தினால் மாதம் 1,500 என்பது 600 ஆகிறது. துணிக்குப் போட்ட பணம் மூன்று, நான்கு மாதத்தில் திரும்பிவிடும்.

வாங்கியவர்களில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் அதைப் பரணில் போட்டுவிடுகிறார்களே, ஏன்? புதுப் பட்டை முதல் நாள் ஈரத்தை உறிஞ்சாது. நான்கைந்து முறை அலசிக் காயவைத்த பிறகுதான் உறிஞ்சத் தொடங்கும். துணி மென்மையாக இருக்கட்டும் என்று வாசனைத் திரவம் ஊற்றினால், அது நூலின்மேல் படிந்து உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். சோப்புத்தூள் அதிகமாகி அலசல் குறைந்தாலும் இதே கதை, கூடவே மூத்திர நெடியும் வரும். பட்டையை நல்ல வெயிலில் போடுங்கள், உறையை நிழலில். உறையின் உள்பக்கப் பூச்சு வெந்நீரிலும் கொளுத்தும் வெயிலிலும் விரிந்து உரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தடித்த பட்டை காயவே காயாது. அந்த இரண்டு மாதம் விரித்து உலர்த்தக்கூடிய வேட்டித் துணிதான் கைகொடுக்கும், கடை டயாப்பருக்கும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கத்தான் வேண்டும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் அடுக்குமாடி வீட்டில் துணியின் லாபம் கணிசமாகக் குறையும். அங்கே இருப்பவர்கள் தண்ணீரையும் கணக்கில் சேர்த்த பிறகு முடிவெடுங்கள்.

ஒரே டயாப்பரை எட்டு மணி நேரம் போட்டு மிச்சம் பிடிப்பது மட்டும் வேண்டாம். பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். மலம் கழித்தால் உடனே. இல்லாவிட்டால் தடிப்பு வரும். ஒரு தடவை டாக்டர் ஃபீஸும் களிம்பும் சேர்ந்தால் ஒரு வாரத்து டயாப்பர் காசு போய்விடும். வெட் வைப்ஸ் வெளியூர்ப் பயணத்துக்குப் போதும். வீட்டில் தண்ணீரும் பருத்தித் துணியும்தான் தோலுக்கும் நல்லது.

டயாப்பர் செலவை அடியோடு முடிப்பது கழிப்பறைப் பழக்கம்தான். இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறதா, நனைந்ததும் சொல்கிறதா, ஜட்டியைத் தானே இறக்குகிறதா என்று பாருங்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுக்குள் இவை தெரியவரும். சாப்பிட்டு முடித்ததும் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள், வற்புறுத்த வேண்டாம். சித்திரை, வைகாசியில் தொடங்குவது வசதி. ஜட்டி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், நனைந்தாலும் பிள்ளைக்குக் குளிராது.

இனி சாப்பாடு. தாய்ப்பால் இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் கொடுக்கலாம். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு மாவுப் பால் டப்பா தேவையில்லை. வளரும் குழந்தைகளுக்கான பால் என்று விற்கப்படுவதும் அவசியமில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, புட்டி, உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1992 முதல் இருக்கிறது. 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். சாதாரணப் பாக்கெட் பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் போதும். தயிரையும் சேர்த்து நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் வயிறு பாலிலேயே நிறைந்து சோறு இறங்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் ரத்தசோகை வரும். பிள்ளை சாப்பிடவே மாட்டேன் என்கிறது என்று டானிக் வாங்கும் வீடுகளில், முதலில் பால் எத்தனை டம்ளர் போகிறது என்று கேட்க வேண்டும். பாலில் கலக்கும் சாக்லேட் பவுடரில் சர்க்கரைதான் அதிகம். இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

டப்பா கஞ்சிமாவுக்குப் பதில் வீட்டுச் சத்துமாவு. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள், ஒன்றரை நாள் தொங்கவிட்டால் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். பயறு அரை நாளிலேயே முளைத்துவிடும் என்பதால் அதைத் தனியாகக் கட்ட வேண்டும். முளை நீண்டுவிட்டால் கசப்பு ஏறும். மேலே மெல்லிய துணி மூடி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். பல்லில் வைத்தால் மடுக்கென்று உடைய வேண்டும்; நசுங்கினால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும், மில்லிலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில், வாசனை வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும்.

முளைகட்டுவதில் ஒரு காரியம் இருக்கிறது. முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கிவிடும். அதனால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போட்டாலும் கஞ்சி களியாகாது. சின்ன வயிற்றுக்குக் கூடுதல் சத்து போகும். கருக வறுத்தால் நொதி செத்துவிடும், முளைகட்டிய பாடு வீண்.

மில்லில் கொடுக்கும்போது அதற்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் அரைத்த கல்லில் போட்டால் அத்தனையும் போச்சு. அரிசியோ கேழ்வரகோ அரைத்த பின் போடச் சொல்லி, முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவிடுங்கள். நிலக்கடலை, பாதாமை இதனோடு அரைக்க வேண்டாம். எண்ணெய் விட்டு மாவு சிக்குப் பிடிக்கும். அவற்றை வாரம் ஒருமுறை மிக்ஸியில் பொடித்துத் தனியே வைத்து, கஞ்சியில் ஒரு ஸ்பூன் கலக்கலாம். பிள்ளைக்குப் புதிய பருப்புகளை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே அறிமுகப்படுத்துங்கள். மில்கூலியோடு மொத்தமும் 150, 200 ரூபாய்க்குள் ஒரு கிலோவுக்கு மேல் மாவு கிடைக்கும். கடை டப்பா 300 கிராமே அதற்குக் கூடுதலாக விலை சொல்கிறது. நாளைக்கு 30 கிராம் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு கிலோ கூடத் தேவையில்லை. சின்ன அளவை மில்லில் வாங்க மாட்டார்கள் என்பதால் பக்கத்து வீட்டோடு சேர்ந்து அரைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

சாயங்காலத்துக்குப் பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இரண்டு போனால் மாதம் 600 ரூபாய். அந்தக் காசுக்குத் தினம் ஒரு முட்டையும் பூவன் பழமும் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். நாட்டுக்கோழி முட்டைக்கு இரட்டை விலை கொடுக்க வேண்டிய அளவுக்குச் சத்தில் வித்தியாசம் இல்லை. முழு நிலக்கடலையை மட்டும் இந்த வயதில் கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும்.

மருந்துக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 16 முதல் 24 மாதத்துக்குள் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கு எதிரான முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணை, தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணை, போலியோ சொட்டு எல்லாம் இலவசம். வைட்டமின் ஏ திரவம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குடற்புழு மாத்திரை, வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் ஆகியவையும் அப்படியே. தனியார் மருத்துவமனையில் வலி இல்லாத ஊசி என்று சில ஆயிரம் வாங்குவது, காய்ச்சலும் வீக்கமும் குறைவாக வரும் என்பதற்காகத்தான். இலவச ஊசியின் பாதுகாப்பு அதற்குக் குறைந்ததல்ல.

இருமல், சளிக்குக் கடையில் கேட்டு சிரப் வாங்கும் பழக்கத்தை விட்டாலே மாதம் இருநூறு, முந்நூறு மிஞ்சும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருக்கிறது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் ஜெனரிக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம், சொட்டு மருந்தாக ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் என்று பல வீரியத்தில் வருகிறது. பாட்டில் மாறினால் அளவும் மாறும். டாக்டர் எடை பார்த்து எழுதிய அளவு எந்தப் பாட்டிலுக்கு என்று அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு சர்க்கரைப் பொடி, துத்தநாக மாத்திரை இரண்டும் சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில்தான் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி டம்ளரில் போட்டால் உப்பு கூடி ஆபத்தாகும். 24 மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள். டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்பு பானம் இதற்கு மாற்று அல்ல.

துணிமணிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வருடத்தில் பிள்ளை 12 சென்டிமீட்டர் போல வளரும். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், விசேஷ உடுப்பு வருடத்துக்கு ஒன்று போதும். உறவில் கொடுத்த பழைய துணியில் தளர்ந்த பொத்தானைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். செருப்பு விதிவிலக்கு. முன்னால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடம் விட்டால் தடுக்கி விழும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாதத்தை அளந்துதான் ஆக வேண்டும்.

விளையாட்டுச் சாமானில் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத பேட்டரி பொம்மையைவிடச் சமையலறைத் தம்ளர்கள் மேல். உட்காரவைத்து உருட்டும் வாக்கரைக் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பிள்ளை நின்று தள்ளுகிற மர நடைவண்டி வாங்குங்கள். தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. ரயிலிலும் ஐந்து வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை.

தாய், தகப்பன் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மேலே சொன்ன மிச்சம் அத்தனையையும் காப்பகக் கட்டணம் விழுங்கிவிடும். ஐம்பது பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதை 2017ஆம் வருடத்து மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம். அலுவலகத்தில் வாயால் கேட்டால் நகராது, எழுதிக் கொடுங்கள். இரண்டு வயது நிறைந்தால் அங்கன்வாடியில் சேர்க்கலாம்; மதியச் சூடான சாப்பாடும் முட்டையும் உண்டு. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குச் சத்துமாவை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். எல்லா மையமும் ஒரே தரத்தில் இல்லை. சேர்க்கும் முன் மதியம் பன்னிரண்டு மணி போல ஒரு நாள் போய்ப் பாருங்கள். சோறு எப்படி இருக்கிறது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறதா, ஒரு உதவியாளருக்கு எத்தனை பிள்ளை என்பது அந்த நேரத்தில் தெரிந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் நகலையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போனால் அன்றைக்கே பெயர் பதிந்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.